மேனுகா மட்டி பொறுக்கப் போன நாள்

மேனுகா கல்குடாவிலிருந்து நகோயாவுக்குப் போனது 2008 மாரியில். பழைய வாகனங்களைக் கழற்றி உதிரிப்பாகம் ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் கணவன் ரதீஸுக்கு வேலை. ஊரில் கதவைத் திறந்தால் மணல். இங்கே நான்காம் மாடியில் கதவைத் திறந்தால் எதிர்வீட்டுக் கதவு. எந்தக் குப்பையை எந்தக் கிழமை வைப்பதென்று தெரியாமல், வந்த புதிதில் பைகளோடு படி ஏறி இறங்கியே களைத்துப் போனாள். எதிர்வீட்டு யுமிகோ ஒருநாள் சிரித்துக்கொண்டே பையை வாங்கிப் பிரித்துக் காட்டினாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிறகு இங்கே ரொட்டி சுட்டால் அங்கே இரண்டு போகும். அங்கிருந்து அவித்த பூசணி வரும். மேனுகாவின் மூன்று வயது மகள் கம்சாயினி இரண்டு வீட்டிலுமாக வளர்ந்தாள்.

அடுத்த வைகாசியில் ஊரிலிருந்து அப்பா அழகரத்தினம் தொலைபேசி எடுத்தார்.

"சண்டை முடிஞ்சிதாம் புள்ள."

"தம்பி?"

"ஒண்டும் தெரியல்ல. ஆக்களை முகாமுகளுக்குக் கொண்டு போறாங்களாம். பாப்பம்."

தம்பி தனோஜன் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தான். அந்த வாரம் மேனுகா கறிக்கு உப்புப் போட்டாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாது. யுமிகோ அவள் முகத்தைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவோம், மட்டி பொறுக்கலாம் என்று கையால் தோண்டிக் காட்டினாள். கம்சாயினி குதித்தாள். நாலரை வருடமாகக் கடற்கரைப் பக்கம் காலே வைக்காதவள், மகளின் குதிப்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டாள்.

ரயிலேறிப் போய், குடாக் கரையின் கொங்கிரீட் அணையில் ஏறியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். கடல் இல்லை. கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஈரச் சேறு. அதற்குள் தொப்பி போட்ட சனங்கள், குழந்தைகள், வாளிகள். கம்சாயினி கையை உதறிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

2004 மார்கழியில் கல்குடாவிலும் அப்படித்தான் வற்றியது. முதல் அலை முற்றத்தை நனைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அதன் பின்னாலேயே கடலும் போனது. துடித்துக் கிடந்த மீனைப் பார்க்க ஊரே இறங்கியது. "இஞ்ச வாகா, வந்து பாரு!" என்று கூப்பிட்டுக்கொண்டே அம்மா சின்னத்தங்கம் முன்னால் போனாள். அம்மா திரும்பி வரவில்லை.

மேனுகா பாய்ந்து இறங்கி மகளை வாரித் தூக்கிக்கொண்டு அணைக்கு மேல் ஓடினாள். பிள்ளை வீரிட்டு அழுதது. யுமிகோ பின்னாலேயே ஓடி வந்தாள். சொல்ல மேனுகாவிடம் மொழி இருக்கவில்லை. கடலைக் காட்டினாள்.

"சுனாமி," என்றாள். "அம்மா."

அந்தச் சொல் யுமிகோவின் மொழிச் சொல். அம்மா என்றால் என்னவென்று கம்சாயினியிடமிருந்து அவள் எப்போதோ கற்றிருந்தாள். கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு, மேனுகாவின் பக்கத்தில் அமர்ந்து அவள் முதுகில் கையை வைத்தாள். பயமில்லை, இறங்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போவோம் என்றும் சொல்லவில்லை. கொண்டுவந்த சோற்று உருண்டைகளைப் பிரித்துக் கொடுத்தாள். மூவரும் அங்கேயே இருந்தார்கள்.

பின்னேரமாக, நாளாந்த ஏற்றத்தோடு கடல் திரும்பியது. இரைச்சல் இல்லை. சேற்றில் விரல்விரலாக ஊர்ந்து வந்தது. சனங்கள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, ஆறுதலாக அதற்கு முன்னால் நடந்து வந்தார்கள். கடல் இப்படியும் வரும் என்பதையே மேனுகா மறந்துபோயிருந்தாள். தண்ணீர் கடைசிப் படியைத் தொட்டபோது எழுந்து செருப்பைக் கழற்றினாள். யுமிகோவின் தோளைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் நனையும் வரை இறங்கி நின்றாள். அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காகத் தண்ணீரில் நின்று அழுதது அதுவே முதல் தடவை.

ஆடியில் ஒருநாள் காலை, வவுனியா முகாமிலிருந்து தொலைபேசி வந்தது.

"அக்கா, நான்தான். இரிக்கன்."

"என்ர தம்பி... என்ர தம்பி" என்று மேனுகா திரும்பத் திரும்பச் சொன்னாள். தொலைபேசியை மகளின் காதில் வைத்தாள்.

"மாமாவோட கதை புள்ள."

கம்சாயினி மூச்சுவிடாமல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் தனோஜன் சிரித்தான்.

"என்னக்கா இது, நீ பெத்ததுதானா?"