வடக்கே தலை

கடலூரில் ஞானசேகரனை 'காந்தக்காரன்' என்றால்தான் பலருக்குத் தெரியும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் கூடத்தில் கருவிகளைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவன். அண்டார்டிகாவில் ஓராண்டு தங்கி, பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகளைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, பாஸ்போர்ட்கூட இல்லாத இவன் முதல் ஆளாக விண்ணப்பித்தான். கிடைத்தும் விட்டது.

அம்மா தைலம்மாள் பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைத்து அவனைப் படிக்க வைத்தவள். கொட்டை எண்ணெய் அரித்த கறுப்பு அவள் விரல்களை விட்டுப் போகவே இல்லை. பனி, குளிர் எதுவும் அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. மகன் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கிறான் என்பதுதான் ஒரே கவலை. வடக்கே தலை வைத்தால் காந்தம் உயிரை இழுத்துவிடும் என்பது அவள் கட்சி. ஆஸ்பத்திரியில் புருஷன் வடக்கே தலை வைத்துக் கிடந்துதான் போனார் என்பது அதற்கு அவள் வைத்திருந்த சாட்சி.

ஏப்ரல் மாதம் ஒருநாள் வீடியோ காலில் கேட்டாள்.

"ஏன் கண்ணு, அங்க காந்தம் ஜாஸ்தியாமே?"

"ஆமாம்மா. காந்த அளவு நம்மூர்ல நாப்பதுன்னா இங்க அம்பதுக்கு மேல. காந்தத் துருவத்துக்கிட்ட போனா அறுபதையும் தாண்டும்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பெருமை யாரை விட்டது?

"அப்ப தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுக்குற?"

"வடக்கதான். கட்டில சுவத்தோட சேத்து முடுக்கி வச்சிருக்காங்க."

அவள் முகம் செத்துவிட்டது.

"தலாணியக் கால்மாட்டுல போட்டுக்கடா. ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

"நம்ம பிரிட்ஜ் கதவுல மாம்பழ பொம்மை ஒட்டியிருக்குதே, அந்தக் காந்தம் இதவிட நூறு மடங்கு ஜாஸ்திம்மா. தெனம் இத அளக்குறவன்கிட்டயே கதை வுடுற பாரு. மாத்த மாட்டேன், போ!"

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்றைக்குப் படுக்கப் போனவனுக்கு அந்த முகம் மறக்கவில்லை. யாரும் பார்க்காத நேரத்தில் தலையணையை எடுத்துக் கால்மாட்டில் போட்டுக்கொண்டான். அவ்வளவு பேசிவிட்டு இதை எப்படி அவளிடம் சொல்வது? ஊருக்குப் போய்ச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

ஜூலையில் தைலம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். வெகுநாளாக இருந்த இதய நோய். அங்கே உச்சக் குளிர்காலம். கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. தம்பி அன்பரசு கொள்ளி வைத்ததை ஞானசேகரன் போனில்தான் பார்த்தான். அதுவும் பாதியில் படம் நின்றுபோனது. எழுந்து கருவி அறைக்குப் போய், அன்றைய அளவை வழக்கம்போல் எழுதி வைத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

டிசம்பர் கடைசியில் வீடு வந்து சேர்ந்தான். அம்மாவின் அறைக்குள் நுழைந்தால் கட்டில் பீரோவை மறித்துக்கொண்டு கிடந்தது. பீரோ கதவைத் திறக்கவே முடியாது.

"ஏன் இப்படிக் கெடக்கு?"

அவன் மனைவி மலர்க்கொடி தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

"நீங்க போன்ல பேசுனீங்களே, அதுக்கு மறுநாளே அத்தை அன்பரசக் கூப்ட்டுத் திருப்பிப் போடச் சொல்லிட்டாங்க மாமா. கெழக்க தலை வச்சுப் படுத்தவங்க, அன்னையிலேருந்து வடக்க வச்சுப் படுத்தாங்க. ஏன் அத்தைன்னு கேட்டேன். 'அவன் அங்க வடக்க தலைய வச்சுக் கெடக்குறான், சொன்னாலும் கேக்க மாட்டான். வர்றது மொதல்ல எங்கிட்ட வந்துட்டுப் போவட்டும்'னாங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

ஞானசேகரன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். நம்மூர்க் காந்தத்தின் அந்த நாற்பது ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. மூன்று மாதம், ஒவ்வொரு நாளும், சாவை அழைக்கிறோம் என்று நம்பித்தானே இந்தத் தலையணையில் தலை வைத்திருப்பாள்!

"நான் அன்னைக்கே தலாணிய மாத்திப் போட்டுட்டேன், மலரு," என்றான்.

மலர்க்கொடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத அவுங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, மாமா."