லக்சம்பேர்க்: மகளை மீட்கப் போன கோட்டை

ஜூன் மாதம் நான் லக்சம்பேர்க் போனது கோட்டை பார்க்க அல்ல, மகளைக் கூட்டிவர. தர்சினி அங்கே ஒரு வங்கியில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை செய்தாள். இப்போது நிரந்தரமாக்குகிறார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "கையோட கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று மொன்றியலில், எங்கள் கோட்-டெ-நெய்ஜ் வீட்டு வாசலில் மனைவி உத்தரவு போட்டாள். பிள்ளை என் சொல்லைத் தட்டமாட்டாள் என்ற தெம்பில் கிளம்பினேன்.

மொன்றியலிலிருந்து நேரடி விமானம் இல்லை. பாரிஸில் இறங்கி ரயில் எடுத்தால் இரண்டேகால் மணித்தியாலம். அந்த நாட்டுக்குள் பஸ், ட்ராம், ரயில் எல்லாம் இலவசம். பழக்கதோஷத்தில் நான்தான் ஒவ்வொரு முறையும் சட்டைப்பையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் வாங்க, ட்ராம் தரிப்பில் நின்ற ஒருவரிடம் என் மொன்றியல் பிரெஞ்சில் "டெப்பனர் எங்கே?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய், கார் எங்கே நின்றுவிட்டது என்றார். கூட வந்த தர்சினி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, எங்கட மூலைக்கடை இல்லை அது. இஞ்ச டெப்பனர் எண்டா பழுதான காரைத் திருத்த வாற ஆள்."

மறுநாள் பொக் பாறையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் போனோம். ஐரோப்பாவே கண்வைத்த கோட்டை இது. கடைசியில் ஒப்பந்தம் போட்டுத்தான் மதில்களை இடித்தார்கள். அதன் பிறகுதான் நகரம் விரிந்தது. பீரங்கித் துளை வழியே தூரத்துக் கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டினாள்.

"அந்தா, அங்கதான் என்ர ஒப்பீஸ்."

அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்ததும், ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சை எடுக்காமலே விட்டேன்.

"அவையளுக்கு ஓம் எண்டு சொல்லட்டோ, அப்பா?"

என்னைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம். ஆனாலும் கேட்டாள். "சொல்லு பிள்ளை" என்றேன்.

பின்னேரம் மனைவி போனில், "என்ன, வாறாளோ?" என்றாள்.

"இல்லை. நீர் வாரும், டிக்கெட் போடுறன்."

போகிறவர்களுக்கு: சுரங்கத்துக்குள் கோடையிலும் குளிரும், ஸ்வெட்டர் தேவை. பள்ளத்தாக்குக்கு இறங்க லிஃப்ட் உண்டு, அதுவும் இலவசம். வாரநாட்களில் வங்கிக்காரர்கள் வந்துபோகும் ஊர் என்பதால் வார இறுதியில் ஹோட்டல் மலிவு. திரும்பும் டிக்கெட்டை உங்களுக்கு மட்டும் எடுங்கள். நான் தர்சினிக்கும் சேர்த்து எடுத்திருந்தேன். பணம் திரும்பி வரவில்லை. பிள்ளையும்தான்.