பணிஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாவல்

எங்கள் ஒழுங்கை முனைக்கு வந்ததும் அழகரத்தினம் ஓட்டோவின் பாட்டை நிறுத்தினார். பிறகு எஞ்சினையும் நிறுத்தி, இறங்கி, பாண் ரொட்டி அடுக்கின பெட்டியோடு அந்த ஓட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டு எங்கள் வேலியைக் கடந்து போனார். நாலு வளவு தாண்டித்தான் பாட்டு மறுபடி கேட்டது. என் வீட்டுக்காரர் வாதம் வந்து கிடந்த மாதங்கள் அவை. சின்னச் சத்தத்துக்கும் அவருக்கு உடம்பு தூக்கிப்போடும். நாங்கள் யாரும் இதை அழகரத்தினத்திடம் சொன்னதில்லை. பாட்டுக் கேட்டால்தான் சனம் பாண் வாங்க வெளியே வரும், ஆகையால் எங்கள் ஒழுங்கையில் அவருக்கு யாவாரமே இருந்திராது. பிள்ளையார் கண் திறந்து வீட்டுக்காரர் எழும்பி நடந்த பிறகு, நன்றி சொல்லப் போனேன். "அந்த இடத்தில மணல் அக்கா, எஞ்சின் இழுக்காது" என்றார். அந்த இடத்தில் மணல் இல்லை. கொங்கிறீட் றோட்டு.

குருக்கள்மடத்தில் தொடங்கிக் களுதாவளை வரைக்கும் காலையும் பின்னேரமும் அவருடைய பாண் ஓட்டோ வரும். ஐம்பது தாண்டிய மெலிந்த மனிதர். கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நைலோன் நூல் கட்டியிருக்கும். பாணைத் தருவதற்கு முன் ஒருதரம் முகர்ந்து பார்ப்பார். ஏன் என்று கேட்டால், "தெரியா, கை தானா மூக்குக்குப் போகுது" என்பார். பேக்கரியில் பாண் வேகும்வரை காத்திருக்கிற நேரங்களில் இந்த மனிதர் ஒரு நாவல் எழுதிக்கொண்டிருந்தார் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பெயர் "மாரி இறால்". வாவியில் இறால் பிடிக்கிற ஒரு பொடியனும் கரையில் கிழிந்த வலை பொத்துகிற ஒரு பெட்டையும் ஒருவரையொருவர் விரும்பிக் கலியாணம் முடிக்கிற கதை.

சொந்தச் செலவில் அச்சடித்தார். அவர் பிடித்த அச்சகத்தில் கூடுதலாகச் செய்வது நினைவு மலர்கள்தான். எங்கள் பக்கம் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு புத்தகம் சும்மா கொடுப்பார்கள். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், கடைசியில் வம்ச வழி. அச்சகத்துப் பிள்ளை கைப்பழக்கத்தில் அழகரத்தினத்தின் படத்தையும் முன்னட்டையில் முட்டை வடிவத்துக்குள் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்குப் போட்டுவிட்டது. "வடிவா இரிக்கே எண்டு நானும் ஓம் எண்டுட்டன் அக்கா."

களுதாவளையில் ஒரு கடையில் கொஞ்சப் பிரதிகளை வைத்தார். பின்னேரத்துக்குள் ஒன்றும் மிச்சமில்லை. ஒருவரும் காசு கொடுக்கவுமில்லை. அடுத்த நாள் விடியப் பாட்டுக் கேட்டு வெளியே வந்த பக்கத்து வீட்டு வசந்தாதேவி, கேற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணன், நீங்க இரிக்கிறீங்களா?"

"இரிக்கன். ஏன் புள்ள?"

"ஐயோ, நேத்து உங்கட புத்தகத்தக் கொண்டந்து, படத்தப் பாத்து அழுதுபோட்டு, தலையில முழுகிட்டுத்தான் வீட்டுக்குள்ள போன நான்!"

"கதை எப்பிடி?"

"என்ன கதை? வம்ச வழியத் தேடினன், காணல்ல. பொஞ்சாதி பேரக்கூடப் போடல்லியே எண்டு அவவத்தான் ஏசினன்."

அழகரத்தினம் அவளுக்கு ஒரு பாணை முகர்ந்து கொடுத்துவிட்டு, என் பக்கம் வந்து, எனக்கான பாணை முகராமலே தந்தார்.

பேஸ்புக்கில் போட்டால் விற்கும் என்று யாரோ சொன்னார்கள். அட்டையைப் படம் பிடித்துப் போட்டார். வாழ்க்கையில் அவருக்கு அவ்வளவு பேர் எழுதினதில்லை. "ஆழ்ந்த அனுதாபங்கள்", "நல்ல மனிசன்", "ஆத்மா சாந்தியடையட்டும்". ஒவ்வொன்றுக்கும் கீழே அவர் "நன்றி" என்று எழுதினார். "மரியாதைக்கு எழுதுறாங்க அக்கா, பேசாம இரிக்க ஏலுமா?" கனடாவிலிருந்து மச்சான்காரன் போன் எடுத்து, அவர் மனைவி றஞ்சிதாவோடு சேர்ந்து அழுதான். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கின பிறகு, அன்றைக்கே கோயிலுக்கு வந்து புருசன் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "உசிரோட இரிக்கிற மனிசனுக்கு ரெண்டு பக்கமும் விளக்கக் கொளுத்தி வச்சிரிக்காங்க அக்கா" என்றாள். பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. பாண் சுற்றுகிற தாளையும் கோதுமை மாப் பசையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, மிச்சப் புத்தகம் முழுவதற்கும் படம் மறைய உறை போடத் தொடங்கினாள்.

உறை போட்டவை ஓட்டோவுக்குள், சீனி தூவி முதலை மாதிரி நீண்டிருக்கும் கிம்புலா பணிஸ் தட்டுக்குப் பக்கத்தில் ஏறின. மேலே அழகரத்தினம் பேனையால் நாவலின் பெயரை எழுதியிருந்தார். இப்போது யாரும் அழவில்லை. எடுப்பார்கள், கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார்கள், வம்ச வழியைக் காணாமல் வைத்துவிட்டு மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு போவார்கள். "விக்காட்டியும் பறவாயில்ல அக்கா. ஓராள் முதல்ல இருந்து கடைசி மட்டும் படிச்சாக் காணும். நான் எழுதினது கதைதானா, இல்லாட்டி வேற என்னவுமா எண்டு எனக்குத் தெரியோணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

சனம் தேடுவதைக் கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கதையில் வருகிற ஆட்களுக்கெல்லாம் ஒரு வம்ச வழி கீறி, போட்டோக் கொப்பி எடுத்து, ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டினார். அதற்குப் பிறகுதான் ஓட்டோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது. வசந்தாதேவி ஊரில் வயதில் மூத்த கண்ணகையையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அண்ணன், உங்களுக்கு மூளை இரிக்கா? பொடியண்ட அம்மம்மாவும் பெட்டையிட அம்மம்மாவும் ஒரு வயித்துப் புள்ளைகள் எண்டு நீங்களே கீறி வச்சிரிக்கிறீங்க. அப்ப ரெண்டும் ஒரே குடி."

எங்கள் பக்கம் குடி என்கிற வம்சப் பிரிவு தாய்வழியால் வரும். ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை. கலியாணம் என்ற பேச்சே இல்லை.

அழகரத்தினம் தாளை வாங்கி, விரலைக் கோட்டின் மேல் வைத்து ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். "எழுதக்குள்ள காணல்லியே..."

"அண்ணன் தங்கச்சிக்குத் தாலி கட்டி வச்சிட்டுக் காணல்லியாம்!" என்றாள் கண்ணகை.

"அம்மம்மாவ மாத்தினாச் சரி வருமா மாமி?"

"அமரர் எண்டு போட்டிரிக்கியே மனே, செத்த மனிசிய எப்பிடி மாத்துற?"

"அது கிடக்கட்டும். கடைசி மட்டும் படிச்சீங்களா?"

"என்னத்துக்குப் படிக்கிற? இந்தத் தாளப் பாத்தாலே எல்லாம் தெரியுதே!"

அந்தக் கிழமை முழுக்க ஊருக்கு இதே கதைதான். பெட்டையை வேறு ஊரில் கட்டிக்கொடு என்றார்கள். பொடியனைக் கட்டாருக்கு அனுப்பு என்றார்கள். ஒருத்தி தன் தங்கை மகளுக்கு அந்தப் பொடியனைக் கேட்டாள். சிரிப்புக்கா உண்மைக்கா என்று அழகரத்தினத்துக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அவர் என்ன செய்தார் என்றால், விற்காத புத்தகங்களில் ஒட்டின வம்ச வழியை உரித்தெடுத்தார். கடைசித் தாளையும் கிழித்தெடுத்தார். கலியாணம் அந்தத் தாளில்தான் நடக்கிறதாம். "சரியா பிழையா எனக்கு விளங்கல்ல அக்கா. கடைசி மட்டும் வாற ஆளு வந்து கேக்கட்டும். கேட்டாக் குடுப்பம்." கிழித்த தாள்களில் ஒன்றை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்.

யாரும் கேட்கவில்லை. நானும் ஒன்று வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு, எழுத்துக்கூட்டித்தான் போகிறேன். பொடியன் இன்னும் தோணியில்தான் இருக்கிறான். பாண் தரும்போதெல்லாம், "எவடத்த நிக்கிறீங்க?" என்பார். சொல்வேன். "அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு, அவசரமாகப் பாட்டைப் போடுவார்.

போன வெள்ளிக்கிழமை கோயிலால் வந்துகொண்டிருந்தேன். ஓட்டோவை றோட்டோரமாக விட்டுவிட்டு, பாட்டும் இல்லாமல், சனமும் இல்லாமல் நின்றார். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"ஓராள் கேட்டுட்டாங்க அக்கா."

"ஆரு?"

"என்ட மனிசி. உறை போடக்குள்ள படிக்கத் தொடங்கி, மறுகா ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாப் படிச்சிரிக்கா, எனக்குத் தெரியா. நேத்து சோத்தப் போட்டு வச்சிட்டுக் கேக்கா, கடைசித் தாள் எங்க, அதுகள் ரெண்டுக்கும் மறுகா என்னாச்சி எண்டு. சோறு ஆறுமட்டும் என்ட வாயையே பாத்துக்கொண்டு இருந்தா."

"பிள்ளையாரே! குடுத்தீங்கதானே?"

அவர் சேட்டுப் பைமேல் கையை வைத்தார். அந்தக் கையை எடுக்காமலே மற்றக் கையால் ஓட்டோவின் பிடியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

"இல்லக்கா" என்றார். "குடுத்தா அவ படிச்சி முடிச்சிருவாவே."