வாசலுக்காக அறுத்த கம்பி

இரும்புக் கொட்டகை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். கிள்ளானில் லோரி பட்டறை நடத்துகிறவன், ஒரு கொட்டகை சரிந்ததைக் கண்ணால் பார்த்தவன், அதனால் கேட்கிறார்கள். தகடு எவ்வளவு கனம், கடல்காற்றுக்கு எந்தப் பெயிண்ட் தாங்கும், கூரை எத்தனை அடி என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் அவ்வளவுதான் கேட்டேன். வாசல் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன், மடையன்.

கொட்டகை வந்து இறங்கி, தூண் நிறுத்தி, கூரையும் போட்டாயிற்று. வாசல் மேற்கே, சாலையைப் பார்த்து. அதற்குப் பிறகுதான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாஸ்து பார்ப்பவரை அழைத்து வந்தேன். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "உங்க ராசிக்கு மேற்கு ஆகாது, கிழக்குல வைங்க" என்றார். பழைய பட்டறை தீயில் போன பயம் எனக்குள் இன்னும் இருந்தது. கிழக்கு என்றால் கிழக்குதான் என்று முடிவு செய்தேன்.

கிழக்குச் சுவரில் லோரி நுழைய ஒரே இடம்தான் தோது. அங்கே இரண்டு தூண்களுக்கு நடுவில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு கம்பிகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். "அறுத்துடுங்க" என்றேன், பொருத்த வந்த மேஸ்திரியிடம்.

"பாஸ், அது அழகுக்குப் போட்டது இல்ல லா. கொட்டகைய இழுத்துப் பிடிச்சிருக்கறதே அதுதான். கொட்டகை வித்த கம்பெனில சொல்லுங்க, வாசலுக்குத் தகுந்த இரும்புச் சட்டம் செஞ்சு தருவாங்க. கொஞ்சம் பொறுங்க."

பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். மூக்கிலேயே குத்தினேன். என்னைவிடப் பத்து வயது மூத்த மனிதர், சட்டையெல்லாம் ரத்தத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

என்னோடு வேலை செய்யும் என் தம்பி ஓடிவந்தான். "அண்ணே, அவரு சொல்றது சரிண்ணே. விடுங்க." அவன் கன்னத்திலும் ஒன்று விட்டேன்.

கம்பிகளை நானே அறுத்தேன். இரண்டாவது கம்பி அறுந்ததும் சவுக்குபோலச் சுழன்று தகட்டில் அடித்தது. கொட்டகை முழுக்க ஒரு முனகல் ஓடியது. எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்காதவன்போல வாசல் வைத்தேன், பூசணிக்காய் உடைத்தேன், லோரி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினேன்.

மூன்றாவது வாரம், சாயங்காலம் நாலு மணி இருக்கும். தம்பி லோரிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். மழைக்கு முன்னால் காற்று வந்தது. அந்தக் கிழக்கு வாசல் வழியாகவே உள்ளே புகுந்து கூரையை மேலே தூக்கியது. "அண்ணே, பெரிய ஸ்பானர்" என்று தம்பி வலது கையை வெளியே நீட்டினான். எடுக்க மேசைப் பக்கம் திரும்பினேன். போல்ட்டுகள் தெறிக்கும் சத்தம். கிழக்குத் தூண்கள் முறுக்கிக்கொண்டு சாய, கூரைச் சட்டம் லோரியின் மேல் விழுந்து, அதன் முனை தரையில் இறங்கியது. லோரி அவன் உயிரைக் காப்பாற்றியது. கை சட்டத்துக்கு அடியில்.

அவன் கத்திய கத்தலை எழுத எனக்கு வராது. சட்டத்தை அறுக்க அதே கிரைண்டரைத்தான் எடுத்தேன். கரண்ட் இல்லை. ஜாக்கியைக் கொடுத்துச் சட்டத்தைத் தூக்கினேன், கெட்ட வார்த்தையில் கத்திக்கொண்டே, யாரைத் திட்டுகிறேன் என்று தெரியாமல். கை வெளியே வந்தபோது அதில் கையின் உருவம் இல்லை.

ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் அவன் கட்டிலருகே போய் நின்றேன்.

"தெரியாம செஞ்சிட்டேன்டா."

அவன் என்னைப் பார்க்கவில்லை. "தெரியாமலா? அவரு சொன்னாரு. நானும் சொன்னேன். ரெண்டு பேரையும் நீ அடிச்சே."

பிறகு இடது கையை வீசி என்னை அறைந்தான். பழக்கமில்லாத கை, காதில் பட்டது. வார்டு நர்ஸ் மிஸ்ஸி ஓடி வந்தார். "விடுங்க மிஸ்ஸி, அடிக்கட்டும்" என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவன் மறுபடியும் ஓங்கினான், இந்தத் தடவை பழக்கப்பட்ட கையை. கட்டுப் போட்ட முழங்கைதான் எழுந்தது.