இரைச்சலுக்குக் காது கொடுத்தவள்

வள்ளக்காரர் சங்கத்து வயர்லெஸ் அறைக்குள் நுழைகிறவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்வார்கள். இரைச்சலை அடைக்க அந்தப் பெட்டியில் ஒரு குமிழ் உண்டு. அந்த அறையைக் கவனிக்கும் ஹில்டா பதினோரு வருஷமாக அதைத் தொட்டதில்லை. தொட்டால் அறை அமைதியாகும்; மெலிந்து வருகிற குரலும் இரைச்சலோடு சேர்ந்து அடைபட்டுப் போகும் என்பாள். கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன் வளன் ஊருக்கு வந்தால், "நான் பேசுனா காதுல விழாது, மிக்சி சத்தத்துக்குள்ள குக்கர் விசிலக் கண்டுபிடிச்சிருவா" என்று சிரிப்பான்.

அன்று கச்சான் என்கிற மேல்காற்று வெளிக்கடலை நோக்கி அடித்தது. அவளுடைய கொழுந்தன் ரெக்சனின் வள்ளம் நாலு பேரோடு பதினொரு மணிக்கே கரைபிடித்திருக்க வேண்டும். மணி இரண்டாகியும் காணோம்.

"ஏளா ஹில்டா, அந்த எரைச்சல அடைச்சுத் தொல. மண்ட காயுது" என்றார் சங்கச் செயலாளர் ஞானையா.

"சும்மா இரிங்க அண்ணாச்சி."

இரைச்சல் ஒரு நொடி அமுங்கியது. குரல் இல்லை. மறுபடியும் அமுங்கியது. தூரத்தில் யாரோ மைக் பொத்தானை அமுக்குகிறார்கள். பேச்சு வந்துசேர வலுவில்லை, அமுக்குவது மட்டும் வந்துசேர்கிறது. சங்கத்து ஏரியல் கம்பம் உயரமானது. இவள் பேசினால் அங்கே கேட்கும்.

"பேசாத, இங்கன கேக்காது. ஆமான்னா ரெண்டு வாட்டி அமுக்கு, இல்லன்னா ஒரு வாட்டி. ரெக்சனா?"

இரண்டு.

காது ஏமாற்றக் கூடாதென்று அதையே மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் இரண்டு. நாலு பேரும் நல்லாருக்கியளா? இரண்டு. என்ஜின் போச்சா? இரண்டு.

"மணப்பாட்டுக்குத் தெக்கயா?" காலையில் வயர்லெஸில் அவன் சொல்லிப் போன இடம் அதுதான்.

வெறும் இரைச்சல். திரும்பக் கேட்டாள். அதே இரைச்சல்.

"பேட்டரி செத்துட்டுளா" என்று ஞானையா எழுந்தார்.

ஹில்டா மைக்கைக் கீழே வைக்கவில்லை. பிறகு பிடிபட்டது. நாற்பது வள்ளம் ஒட்டுக்கேட்கும் வயர்லெஸில், மீன் படுகிற பாரை, அந்தக் கடலடிப் பாறைத் திட்டை, எவன் உண்மையாகச் சொல்வான்? காலையில் சொன்னதே பொய்.

"ஏலே ரெக்சா, ஒம் பார எவனும் மடியில கட்டிட்டுப் போவ மாட்டான். காத்து ஒன்ன வெளிய தள்ளுது. ஒம் பிள்ளைட்ட நான் என்னத்தச் சொல்ல?"

கடலில் நின்ற இன்னொரு வள்ளத்திலிருந்து மெல்வின் குறுக்கே புகுந்தான். "மச்சான், மீனு வேண்டாம்டே, ஒன்னக் கூட்டத்தான் வாரோம்!"

"வாய மூடுலே மெல்வின். எரைச்சல் கேக்கட்டும்."

ஒன்று. மணப்பாடு இல்லை.

"துறைமுகத்துக்குக் கெழக்கயா?" இரண்டு.

"எத்தன மணி நேரம் ஓடுன? மணிக்கு ஒரு அமுக்கு."

கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒரு லேசான அமுங்கல். அது மூன்றாவதா, வெறும் இரைச்சலின் சிணுக்கமா? இன்னும் இரண்டு தடவை அமுக்கச் சொன்னாள். ஒரு தடவை இரண்டாக நின்றது. ஒரு தடவை மூன்று தெளிவாகவே விழுந்தது. மூன்றையே நம்பி, காற்று தள்ளியிருக்கும் தூரத்தையும் கூட்டி, மெல்வினைக் கிழக்கே விரட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் கூப்பிட்டான். "கண்டுட்டேன்க்கா. நாலு தலையும் இருக்கு."

ஹில்டா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஞானையா டீ வாங்கப் போனார்.

மறுநாள் ரெக்சன் உர்ரென்று வந்து நின்றான். "விடிஞ்சதும் முப்பது வள்ளம் அங்கன நிக்குது மைனி. ஏழு வருஷமாப் பொத்தி வச்ச எம் பாரு!"

"நான் கேக்கத்தான்டே செஞ்சேன். அமுக்குனது நீ."

அவன் அவளுடைய டீயை எடுத்துக் குடித்தான்.