தப்பான சிம்னி

நான் சர்வே வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதம், வேலம்மாள் என்பவருடைய கிணற்றைப் புறம்போக்கில் தள்ளிவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. சோம்பேறித்தனத்தால் செய்தேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்று மறைக்காமல் எழுதுகிறேன்.

முகாம் ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையம் ரோட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்து நிலங்களைப் பழைய மேப்போடு ஒத்துப் பார்த்து அளக்க வேண்டும். மேப்பில் எல்லைக்கோடு ஒரு கல்லில் தொடங்கி, அவுரிச்சாய பாக்டரியின் சிம்னிக்கு நேராகப் போனது. கல்லின் மேல், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை நிறுத்திப் பார்த்தேன். பனைகளுக்கு மேலே ஒரே ஒரு சிம்னி தெரிந்தது. சீமையில் மருந்து கலந்து சாயம் செய்ய ஆரம்பித்த பிறகு பாக்டரியை மூடிவிட்டார்கள் என்று கேள்வி. மூடினால் என்ன, சிம்னி நிற்கிறதே என்று கோட்டைப் போட்டுவிட்டேன். நேரில் போய்ப் பார்க்க இரண்டு மைல் நடக்க வேண்டும். சித்திரை வெயில்.

நான் வரைந்த புது மேப்பில் கையெழுத்துப் போட ஹெட் சர்வேயர் வருவதற்கு முந்தின நாள் வேலம்மாள் வந்தார்.

"சர்வேயரய்யா, எங் கெணறு சர்க்காருக்குப் போயிருச்சுன்னு சொல்லுதாக. எங்க வீட்டுக்காரர் பட்டாளத்துலருந்து லீவுக்கு வந்தப்ப அவிய கையால தோண்டுனது. அம்புட்டுக் கேப்பையும் அதை நம்பித்தான் நிக்கி."

"கோடு சிம்னிக்கு நேரா போகுதும்மா. நான் என்ன செய்ய?"

"எந்தச் சிம்னி?"

"அவுரி பாக்டரி சிம்னிதான். அந்தா தெரியுதுல்ல?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "செத்த நேரம் எங்கூட நடந்து வாங்க."

நடந்தோம். சிம்னி நின்றது ஒரு பங்களாவில். வேட்டைக்கு வரும் துரை ஒருவர் கட்டி, பிறகு கைவிட்டுப் போனது. பந்தாடும் தரை பிளந்து எருக்கு முளைத்திருந்தது. நீந்துவதற்குக் கட்டிய தொட்டியில் ஆடுகள் படுத்துக் கிடந்தன. கூரை போன கூடத்தில் ஒரு கணப்பு அடுப்பு. அதன் தலையில்தான் என் சிம்னி.

"இந்த வெயில்ல குளிர்காய அடுப்பு கட்டிருக்கான் பாருங்க" என்றார் வேலம்மாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் பாக்டரி. வரிசையாகச் சாயத்தொட்டிகள், சுவரில் நீலக்கறை இன்னும் போகவில்லை. பின்னால் ஒரு செங்கல் குவியல்.

"இதுதான் நீங்க சொல்ற சிம்னி. அடமழையில விழுந்துருச்சு. சத்தம் எங்க வீட்டுக்கே கேட்டுச்சு."

தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயம். சொல்லாவிட்டால் மறுநாள் கையெழுத்தோடு கிணறு போய்விடும்.

காலையில் ஹெட் சர்வேயர் பேனாவை மையில் தோய்க்கும்போது, சிம்னி மாறிப்போனதைச் சொல்லிவிட்டேன்.

"அந்த எடத்துக்கு முன்னாடியே போய்ப் பாத்தியா?"

"இல்லைங்கய்யா."

"அதே சிம்னிய வச்சு இன்னும் எம்புட்டு நெலம் அளந்த?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இது ஒன்றுதான் என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. வேலம்மாள் கிணறு எப்படியும் தப்பிவிடும். வேறு யாரும் புகார் சொல்லி வரவும் இல்லை.

"இருபத்து மூணுங்கய்யா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏலே, ஒன்ன இப்பவே வீட்டுக்கு அனுப்பணும். அனுப்புனா இத யாரு திரும்ப அளக்க? அந்தக் கல்லுலருந்து ஆரம்பி. ஒவ்வொரு அடையாளத்தையும் நடந்து போய்க் கையால தொட்டுட்டு வா. பொறவு எங்கிட்டப் பேசு."

செங்கல் குவியலை விலக்கி, சிம்னியின் அடித்தளத்தில் கழி நட்டுக் கொடி கட்டினேன். புதுக் கோட்டில் வேலம்மாள் கிணறு அவர் பட்டாவுக்குள் வந்தது. "இனிமேலாவது நடங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

மற்ற நிலங்களை அளந்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. என் பழைய கோட்டால் நிலம் குறைந்தவர்கள் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள். ஆட்சேபணை வரவில்லை என்பதற்காக அளவு சரி என்று நினைத்துவிடக் கூடாது. நான் கற்றது இதுதான். அந்த ஏழு பேரில் ஒரு விவசாயியிடம், ஏன் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சர்க்கார் மிசினு வச்சுப் பாத்திருக்கு. நாமதான் இத்தன வருசமா அடுத்தவன் எடத்த உழுதிருக்கோம்போலன்னு நெனச்சேன்" என்றார்.

தன் வரப்பைத் தானே வெட்டி, என் தப்பான கோட்டில் புதிதாகப் போட்டு வைத்திருந்தார்.