இகுவானாவுக்குக் காலை வெயில்

மாசாய் நகரத்து அடுக்குமாடியில் எங்கள் வீட்டுச் சன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை, பகலில்தான் தூக்கம். அந்த இருட்டுக்குள்தான், ஊர் மாறிப்போன நண்பர் விட்டுச்சென்ற, உடும்பு போன்ற பச்சை இகுவானா வந்து சேர்ந்தது. பார்த்த அன்றே அண்ணன் சொக்கிப்போனார்.

"முதுகு முள்ளப் பாருடா. ராஜா மாதிரி இருக்கான்."

அதை எப்படி வளர்ப்பது என்று படித்துச் சொல்வது என் பொறுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். வெயில் வேண்டும் என்றேன். மறுநாளே அண்ணன் தான் படுக்கும் கூடத்தின் சன்னல் தாளைக் கிழித்தார். கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்கப் பழகினார். கண்ணாடிச் சன்னலோரம் கூண்டை வைத்தோம்.

சில மாதங்களில் அதன் பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. கிளையில் ஏறாமல் தரையில் தவழ்ந்தது. விலங்கு மருத்துவர் தாடையைத் தொட்டுப் பார்த்தார். எலும்பு மென்மையாகிவிட்டதாம். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் சூடு மட்டும் இருக்கும், எலும்புக்கு வேண்டிய கதிர் வராது என்றார். இனி ஏறுமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்லவில்லை. நான் படித்த பக்கத்திலேயே கண்ணாடி விஷயம் இருந்தது. அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.



மறுநாள் முதல் அண்ணன், வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் சட்டைகூட மாற்றாமல் கூண்டை மாடியின் திறந்த நடைபாதைக் கோடிக்குத் தூக்கிப்போவார். பாதிக் கூண்டுக்கு ஈரத்துண்டு, நிழலுக்காக. வெயில் நகர நகரத் துண்டையும் நகர்த்துவார். தினமும் போட்ட பசலைக்குப் பதில் செம்பருத்தி இலையும் முருங்கைக்கீரையும், மேலே மருத்துவர் தந்த கால்சியத் தூள். தூக்கம் தள்ளும், ஆனாலும் ஒரு மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

"நான் பாத்துக்கிறேன், நீங்க படுங்கண்ணே."

"ஒனக்கு கிளாஸ் இருக்கு. போடா."

பக்கத்து வீட்டு அக்கா படியிறங்கும்போதெல்லாம் அண்ணனைச் சீண்டுவார். "என்னா தம்பி, உடும்புக்குக் காவலா? எப்பக் கொழம்பு?"

"இவரு சுத்த சைவம்க்கா. ஒங்க வீட்டுக் கோழி வாசனைக்கே மொகத்தத் திருப்புறாரு."

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு காலை புத்தகப் பையோடு வெளியே வந்தேன். அண்ணன் சுவரில் சாய்ந்து கண்மூடியிருந்தார், கை துண்டின் மேல். இகுவானா கூண்டின் மேல்கிளையில் தாடையை நிமிர்த்தி வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே! ஏறிட்டான்!"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்டா. ரெண்டு தடவ விழுந்து, மூணாவதுலதான் ஏறுனான். பாத்துட்டுத்தான் கண்ண மூடுனேன். கத்தாத லா, பயந்து எறங்கிறப் போறான்."

நிழல் விலகியிருந்தது. அவர் கைக்கு அடியிலிருந்து துண்டை மெல்ல உருவி, ஒரு சாண் நகர்த்திப் போட்டேன். அன்று கிளாசுக்குத் தாமதமாகத்தான் போனேன்.